ஓர் இரவன்று, ஆறு மாதம்

‘நாடகம் பார்க்கப் போகிறோம்’ என்று வீட்டிலே சொன்னவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் எழுவது ஒரு மண்டபம். வரிசை வரிசையாக நாற்காலிகள். முன்னே ஒரு மேடை. மேடையை மறைத்து ஒரு திரை. மணி அடித்ததும் விளக்குகள் அணையும், திரை விலகும். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் நிறைவுற்று, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குமுன் வீடு சேர்ந்துவிடலாம். இத்தகைய மண்டபங்கள் மட்டக்களப்பிலும் உண்டு. அவற்றில் நல்ல நாடகங்களும் நடைபெறுகின்றன. அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், இந்த வாவிக் கரையில் நமக்கென்று வேறோர் அரங்கும் இருக்கிறது. அதற்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. அதனைக் களரி என்பர் நம் ஊரார். அதில் ஆடப்பெறுவது கூத்து.

கூத்தைப் பற்றி எழுதத் தொடங்குவோர் ‘அழிந்து போகிறதே!’ என்று இரங்கி இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை இன்று நான் பின்பற்றப் போவதில்லை. கூத்து இன்னும் ஆடப்படுகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூத்திலே எதனைக் காப்பாற்றினால் கூத்துப் பிழைக்கும்? உடையையா, பாட்டையா, விடியவிடிய ஆடும் வழக்கத்தையா? சென்ற மாதம் படுவான்கரை ஊரொன்றிற் குடும்பத்துடன் கழித்த ஓர் இரவு இக்கேள்விக்கு எனக்கு ஒரு விடையைத் தந்தது. அதனை வாசகர்களுக்குச் சொல்வதே இவ்வாரம் என் நோக்கம். ஆயினும், களரியின் அமைப்பையும் அது கடந்துவந்த பாதையையும் முதலில் அறிந்துகொண்டாலன்றி அவ்விடை விளங்காது.

கோயில் வெளியிலோ ஊர்ப் பொதுவளவிலோ நிலத்தை வட்டமாகச் செப்பனிட்டு, சற்றே உயர்த்தி அமைப்பது வட்டக்களரி. மின்சாரம் எட்டிப்பாராத காலத்தில் அதன் ஓரத்திலே வாழைக்குற்றிகளை நட்டு, அவற்றின்மேல் எண்ணெய் விளக்கு ஏற்றினர். பின்னர் பெற்றோமாக்ஸ் வந்தது. இப்போது மின்குமிழ் எரிகிறது. வட்டத்தின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். கூத்தைப் பழக்கிய ஆசிரியரும், அதனை நடத்தும் நெறியாளரும், வாத்தியக்காரரும் அவர் ஒருவரே. அவரருகிற் சல்லரி தட்டுபவரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். அவர்களைச் சுற்றி ஆட்டக்காரர் ஆடிவருவர். ஆட்டக்காரரைச் சுற்றி நான்கு பக்கமும் ஊர் அமர்ந்திருக்கும்.

கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடிக் கதைகள் பெரும்பாலும் பாரதத்திலும் இராமாயணத்திலும் இருந்து எடுக்கப்பட்டவை. போரும் வீரமும் மிக்கவை. தென்மோடியிற் காதற் சுவையுடைய கதைகள் மிகுதி. தாளக்கட்டு, பாடும் முறை, உடை, முடி ஆகியவற்றிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. வடமோடி அரசன் கரப்புடுப்பு விரிந்து சுழல ஆடிவரும் வரவை ஒருமுறை கண்ட பிள்ளை அதனை எளிதில் மறவாது.

களரியின் வட்ட வடிவத்துக்கு ஒரு பொருள் உண்டு. மண்டபத்தில் எனக்கு எதிரே இருப்பது மேடை மாத்திரமே. களரியிலோ எனக்கு எதிரே ஆட்டக்காரர் இருக்கிறார். அவருக்கு அப்பால், விளக்கொளியில், என் மைத்துனியும் அவள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் கூத்தையும் பார்க்கிறேன். கூத்தைப் பார்க்கும் ஊரையும் பார்க்கிறேன். துரோபதை அழும்போது எதிர்வரிசையிலே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பவர் யாரென்று எனக்குத் தெரியும். மேனாட்டிலும் ஒருகால் இத்தகைய அமைப்பு இருந்தது. இலண்டனில் 1599 இல் எழுந்த குளோப் அரங்கின் மேடை கூட்டத்துக்குள்ளே நீண்டு நின்றது. மூன்று பக்கமும் மக்கள் சூழ்ந்து நின்று சேக்ஸ்பியரின் நாடகங்களைப் பகல் வெளிச்சத்திற் பார்த்தனர். அழிந்துபோன அவ்வரங்கை அந்நாட்டார் 1997 இல் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டித் திறந்தனர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒருங்குவைத்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926 இலேயே நூலாகிவிட்டது. மேனாட்டார் பெரும்பொருள் செலவிட்டு மீட்டெடுத்த ஒன்று, நமக்கு மண்வெட்டியும் நாலு பேரும் இருந்தால் ஒரு பிற்பகலில் அமைந்துவிடுகிறது.

எனினும், நம்மிற் கற்றவர்கள் நெடுங்காலமாகக் கூத்தை மதிக்கவில்லை. அது வயல்வேலை செய்வோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினர். இந்த எண்ணத்தை மாற்றிய பெருமை பேராதனைக்கு உரியது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 இல் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாற்றில் திருப்புமுனையாக மதிக்கப்பெறும் அந்நாடகம், ‘நாடகம’ என்னும் மரபைத் தழுவியது. அம்மரபோ தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அயல்வீட்டார் நம் வித்தை எடுத்து நட்டுக் காய்க்கச் செய்த பின்னரே நம் வளவில் நிற்கும் மரம் நம் கண்ணிற் பட்டது எனலாம்.

அப்போது பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துப் பல்கலைக்கழக மாணவர்களைப் பழக்கினார். 1962 இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. அதனைத் தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியன வந்தன. ‘அலங்கார ரூபன்’ என்னும் தென்மோடிக் கூத்தை அவர் 1962 இல் அச்சிலும் பதிப்பித்தார். ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகி, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். இவர்களுடைய உழைப்பு இல்லையேல், இன்று கல்லூரி ஆசிரியனாகிய நான் கூத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும், நீங்கள் அதனைப் படிக்கவும் நேர்ந்திராது.

ஆனால், மண்டபத்துக்கு வந்த கூத்து மண்டபத்துக்கு ஏற்றவாறு மாறவும் வேண்டியிருந்தது. விடியும்வரை ஆடியது ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. நாற்புறமும் நோக்கி ஆடியவர்கள் சபை இருக்கும் பக்கத்தை நோக்கி ஆடினர். அந்த மாற்றம் கற்றறிந்தோர் கலையாராய்ந்து செய்தது. அதற்கு அழகும் பயனும் இருந்தன. ஆனால், சுருக்குவது ஒருமுறை தொடங்கிவிட்டால் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பரிசளிப்பு விழாவுக்கும் போட்டிக்கும் ஏற்ப அது மேலும் மேலும் குறுகிற்று. அண்மையில் என் வகுப்பு மாணவன் ஒருவனிடம், ‘ஒரு கூத்து எவ்வளவு நேரம் நடக்கும்?’ என்று கேட்டேன். ‘பதினைந்து நிமிஷம், சேர்’ என்று தயங்காமற் சொன்னான். அவன்மேற் பிழையில்லை. அவன் கண்ட கூத்து அவ்வளவுதான்.

இவ்விடத்திற் பலர், ‘முழு இரவும் ஆடினாற்றான் கூத்து’ என்று வாதிடுவர். வேறு சிலர், ‘இந்தக் காலத்தில் யார் விடியவிடிய விழித்திருப்பார்? மறுநாள் வேலை இல்லையா?’ என்பர். இரு சாராரும் கூத்தை ஓர் இரவாகவே எண்ணுகின்றனர் என்பதை நான் அந்தப் படுவான்கரை ஊரிலேதான் உணர்ந்தேன். உண்மையிற் கூத்து ஓர் இரவில் நடப்பதன்று. அது பல மாதங்கள் நடக்கிறது. நாம் பார்ப்பது அதன் கடைசி இரவை மட்டுமே.

அது எவ்வாறு என்பதைச் சொல்கிறேன். ஊரார் கூடி, இந்த ஆண்டு இன்ன கூத்து ஆடுவது என்று முடிவுசெய்து, அண்ணாவியாரை அழைப்பர். அவர் ஒவ்வொருவருடைய தோற்றத்தையும் குரலையும் பார்த்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அப்பாத்திரத்துக்குரிய பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். இதற்குச் ‘சட்டம் கொடுத்தல்’ என்று பெயர். பின்னர் இரவுதோறும் தாளக்கட்டும் ஆட்டமும் பாட்டும் பழகுவர். ஆட்டம் ஒருவாறு படிந்ததும் நல்லநாள் பார்த்துக் காலிலே சதங்கை கட்டுவர். அதன்பிறகு கிழமைக்கு ஒருநாள் ஊரார் முன்னிலையில் ஆடிப்பார்ப்பது ‘கிழமைக்கூத்து’. எல்லாம் ஒழுங்காகிவிட்டதா என்று முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பது ‘அடுக்குப் பார்த்தல்’. இத்தனையும் கடந்த பின்னரே உடைகட்டி, முடிசூடி, களரியில் அரங்கேற்றம். அதற்குப் பின்னும் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் உண்டு. எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு மாதம்.

என் மனைவியின் தம்பி வவுணதீவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வயல் செய்கிறார். அவர்தாம் எங்களை அழைத்தவர். “அத்தான், அரங்கேற்றத்துக்கு எல்லாரும் வருவாங்க. நீங்க கிழமைக்கூத்துக்கு வாங்க. அப்பதான் விளங்கும்” என்றார். வெள்ளாமை வெட்டு முடிந்து, ஊர் சற்று மூச்சுவிட்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை மாலை, மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, வலையிறவுப் பாலத்தைக் கடந்து போனேன். வாவியின் மேலே சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. எழுவான்கரை, படுவான்கரை என்று நம் முன்னோர் பெயரிட்டதன் பொருத்தத்தை அந்த நேரத்தில் அந்தப் பாலத்தில் நிற்பவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இரவு எட்டரைக்குக் கோயில் வெளியில் ஐம்பது அறுபது பேர் கூடினர். பாய் கொண்டுவந்தவர் பாயில், கொண்டுவராதவர் மணலில். கச்சான் வறுத்து ஒரு பெண்மணி சுருள் சுருளாக விற்றுக்கொண்டிருந்தார். ஆட்டக்காரருக்கு உடையும் இல்லை, முடியும் இல்லை. சாரமும் சேர்ட்டும், காலிலே சதங்கையும் மாத்திரமே. துரியோதனன் பகலில் மேசன். துரோணர் பாடசாலைக் காவலாளர். அபிமன்யுவின் தாயாகிய சுபத்திரை, வாவியில் வலைவீசும் இளைஞர் ஒருவர். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாளிற் சக்கர வியூகத்துக்குள் புகுந்து அபிமன்யு மடிந்த கதையே அவ்வூரார் அவ்வாண்டு எடுத்த வடமோடிக் கூத்து.

அபிமன்யுவாக ஆடியவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஆட்டம் கண்ணைப் பறித்தது. ஆனால், தாயிடம் விடைபெறும் கட்டத்தில் ஒரு பாட்டின் இரண்டாம் அடி அவனுக்கு வரவில்லை. மத்தளம் நின்றது. மண்டபமாயின் அந்தக் கணத்திற் சபையிலே சிரிப்பெழும். இல்லையேல் எல்லோரும் வெட்கித் தலைகுனிவர். இங்கே இரண்டும் நிகழவில்லை. முன்வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், உரலிலிருந்து கண்ணெடுக்காமலே அந்த அடியை இராகத்துடன் எடுத்துக் கொடுத்தார். “மறுகாப் பாடு மனே” என்றார் அண்ணாவியார். அவன் பாடினான். என் மகள் என் காதருகே குனிந்து, “அப்பா, அந்தப் பெத்தம்மாவும் கூத்துக்காரரா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று என்னாற் சொல்ல முடியவில்லை.

பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தது. அப்போதுதான் அன்றைய உண்மையான நாடகம் தொடங்கிற்று. அபிமன்யு அண்ணாவியார் முன்னே வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். “விசா வந்திட்டு, அண்ணாவியார். வாற மாசம் கட்டாருக்குப் போகணும்” என்றான். அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. சுற்றியிருந்தோர் பேச்சை நிறுத்தினர். அண்ணாவியார் மத்தளத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, “சக்கர வியூகத்துக்குள்ள போகத்தான் நான் உனக்குப் பழக்கினது. நீ கட்டாருக்குப் போகப் பழகிட்டாய்” என்றார். எல்லோரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். ஆனால், அவனை நில் என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனுடைய தாய் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார். வீட்டுக்குப் பட்ட கடன் எவ்வளவு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் என்று பின்னர் என் மைத்துனர் சொன்னார். ஊருக்கு ஒரு கூத்து வேண்டும். அந்தத் தாய்க்கு ஒரு கூரை வேண்டும். இவ்விரண்டிலும் எது பெரிது என்று அந்த இடத்தில் யாரும் வாதிடவில்லை என்பதே எனக்கு அவ்வூரின்மீது மதிப்பை உண்டாக்கிற்று.

‘இனிச் சட்டம் யாருக்கு?’ என்ற கேள்வி எழுந்தது. ஒருவர் ஒரு பெயர் சொன்னார். அவனுக்குக் குரல் இல்லை என்றார் மற்றொருவர். அப்போது பாயிற் படுத்திருந்த சிறுவன் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். கட்டாருக்குப் போகிறவனுடைய தம்பி, வயது பதின்மூன்று. “எனக்குப் பாடம்” என்றான். அண்ணாவியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மத்தளத்தைத் தட்டினார். சிறுவன் எழுந்து, வரவுப் பாட்டிலிருந்து தொடங்கினான். தமையன் தடுமாறிய அடியிலும் அவன் தடுமாறவில்லை. ஆட்டத்திற் கால் சில இடங்களிற் பிந்தியது. அங்கெல்லாம் மத்தளம் அவனுக்காகச் சற்றுத் தாமதித்தது. தமையன் களரியின் ஓரத்தில் நின்று தாளத்தைக் கையிலே தட்டிக்கொண்டிருந்தான்.

“நல்லாத்தான் ஆடுறான். ஆனா அரசன்ட மகனுக்கு இந்தக் குரல் காணாது” என்றார் முதியவர் ஒருவர். “அபிமன்யுவும் பொடியன்தானே!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து மறுமொழி வந்தது. அண்ணாவியார் இரு பக்கமும் சாயவில்லை. “அடுத்த கிழமை பார்ப்பம்” என்று சொல்லிவிட்டு, துரோணரை அழைத்தார். கூத்துத் தொடர்ந்தது. நாங்கள் ஒருமணிவரை இருந்து பார்த்தோம்.

அன்றிரவு மைத்துனர் வீட்டிற் படுத்திருந்தபோது என் மகள் மீண்டும் கேட்டாள்: “அந்தத் தம்பிக்கு ஆர் அப்பா பழக்கினது?” நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் பழக்கவில்லை. தமையன் பழகிய இரவுகளில் அவன் பாயிலே படுத்துக்கிடந்தான், அவ்வளவுதான். அந்த மூதாட்டிக்கும் ஒருவர் பழக்கியிருக்கமாட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் அவருடைய தமையனோ கணவனோ பழகியபோது அவர் அருகிலிருந்து கேட்டிருப்பார்.

வாசகர்களே, கூத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழகும் இரவுகளிற் சும்மா இருந்து பார்க்கும் கூட்டமே கூத்தின் சேமநெல். விதைநெல்லைத் தனியே கட்டிவைப்பதுபோல, ஊர் தன் கூத்தை ஆட்டக்காரரிடம் மட்டும் வைத்திருப்பதில்லை, பார்ப்பவர்களிடமும் வைத்திருக்கிறது. ஒருவன் கட்டாருக்குப் போகலாம். ஒருவன் நோயிற் படுக்கலாம். பாயிற் படுத்திருந்தவன் எழுந்து, ‘எனக்குப் பாடம்’ என்பான். அரங்கேற்றத்தை மாத்திரம் வந்து பார்த்துச் செல்பவர்களிடமிருந்து அத்தகைய ஒருவன் எழமாட்டான். ஓர் இரவிற் பாடம் வராது.

இதற்குச் சான்று நம் அண்மைக் கால வரலாற்றிலேயே உண்டு. 2009 இல் முடிந்த போர், இரவிற் கூடுவதையே அச்சத்துக்குரியதாக்கியிருந்தது. பல ஊர்களிற் களரி பல ஆண்டுகள் எழவில்லை. பின்னர் மத்தளம் மீண்டும் ஒலித்தபோது, பாட்டை மீட்டுக் கொடுத்தது பெரும்பாலும் முதியோருடைய நினைவுதான். கொப்பிகள் பல அழிந்தும் தொலைந்தும் போயிருந்தன. கேட்டவர்களுடைய காது எஞ்சியிருந்தது.

இவ்விடத்திற் கூத்தின் குறையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆறு மாதமும் அன்பும் ஒற்றுமையுமாகவே கழியும் என்று எண்ணிவிடாதீர்கள். சட்டம் கொடுக்கும்போது சண்டைகள் வரும். அரசன் பாத்திரம் யாருக்கு, சேவகன் பாத்திரம் யாருக்கு என்பதிலே குடும்பப் பெருமையும் சாதியும் தலையிட்ட காலம் உண்டு. முற்றாகத் தொலைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஊர்க் களரியிற் பெண் வேடத்தையும் ஆண்களே பூண்டுவந்தனர். சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கர் அவர்களும் அவ்வூர்க் கூத்தர்களும் சேர்ந்து மேற்கொண்ட ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் முயற்சி, சாதியையும் பெண்ணையும் கூத்து எவ்வாறு காட்டுகிறது என்ற கேள்வியைக் கூத்தர்களிடமே வைத்து, அவர்களுடன் பேசிப்பேசிக் கூத்தைத் திருத்த முற்பட்டது. இத்தகைய பேச்சு நடப்பதற்கு இடம் எது? அரங்கேற்ற இரவில் யாரும் அண்ணாவியாரிடம் போய் விவாதிக்க முடியாது. பழகும் இரவிலே, தேத்தண்ணிக் கோப்பையுடன், ‘இந்த வரி வேண்டாமே’ என்று சொல்லலாம். ‘இவனுக்கு ஏன் சட்டம் இல்லை?’ என்று கேட்கலாம். ஊர் தன்னைத் திருத்திக்கொள்வதற்கும் அந்த ஆறு மாதமே வாய்ப்பு.

ஆகவே, முன்னர் எழுப்பிய கேள்விக்கு என் விடை இது. அரங்கேற்ற இரவைச் சுருக்குவதாயின் சுருக்குங்கள். காலையில் அலுவலகம் செல்ல வேண்டியவர்களுக்காகப் பத்து மணி நேரத்தை நான்காக்கினாலும் கூத்து மடிந்துவிடாது. பேராதனையார் அதனைக் காட்டிவிட்டனர். மண்டபத்தில் ஆடுவதாயின் ஆடுங்கள். ஆனால், பழகும் மாதங்களைச் சுருக்காதீர்கள். அவற்றைப் பூட்டிய அறைக்குள் வைக்காதீர்கள். இன்று போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பாடசாலைகள் கதவைச் சாத்திக்கொண்டு, தெரிவுசெய்த பத்துப் பேருக்கு மாத்திரம் பழக்குகின்றன. பரிசு கிடைக்கலாம். ஆனால், அந்தப் பத்துப் பேரும் பரீட்சை எழுதிவிட்டுச் சென்ற மறுநாள் அந்தப் பாடசாலையிற் கூத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதே பழக்கத்தை மாமரத்தடியில், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் பார்க்க நடத்தினால் எவ்வளவு செலவாகும்? ஒரு சதமும் ஆகாது. கீழ்வகுப்புச் சிறுமி ஒருத்தி மதிலில் ஏறி இருந்து பார்த்து, மூன்று ஆண்டுகளின் பின், ‘எனக்குப் பாடம், ரீச்சர்’ என்று வந்து நிற்பாள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மட்டக்களப்பு நகரில் வாழும் நம்மிற் பலருக்குக் கன்னன்குடா, ஈச்சந்தீவு, முனைக்காடு போன்ற ஊர்களிலோ அவற்றுக்கு அயலிலோ ஓர் உறவாவது இருக்கும். அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் அவர்களை விசாரியுங்கள். அங்கே கூத்துப் பழகுகிறார்களா, கிழமைக்கூத்து எந்த நாள் என்று கேளுங்கள். அழைப்பிதழ் வரும் என்று காத்திருக்க வேண்டாம். கிழமைக்கூத்துக்கு அழைப்பிதழ் அடிப்பதில்லை. போகும்போது ஒரு பாயும், நுளம்புக்கு ஒரு போர்வையும், தேத்தண்ணிச் செலவுக்கு அண்ணாவியார் கையிற் கொடுக்க ஏதேனும் கொஞ்சமும் கொண்டுசெல்லுங்கள். கதையை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்; கதை தெரிந்த பிள்ளைக்குப் பாட்டு விளங்கும். பிள்ளை தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். மத்தள ஒலி காதில் விழத் தூங்குவதும் ஒருவகைப் பாடமே. கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். நீங்கள் அதன் கண்ணாடியை நோக்கினால் எதிரே இருப்பவருடைய முகத்தை இழந்துவிடுவீர்கள்.

முக்கியமாக, வீட்டிலுள்ள முதியோரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடக்க முடியாவிட்டால் ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிச் செல்லுங்கள். களரியில் அவர்களுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. அவர்கள் அங்கே இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஆட்டக்காரருக்கு அடி மறந்துபோகும் இரவு எது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.